உண்ண மறுக்கும் இரண்டு வயதுக் குழந்தை: காய்கறிக்கு முன்னால் கவனிக்க வேண்டியவை குறித்து ஒரு நிகழ்வு ஆய்வு

இந்த ஆய்வில் வரும் சிறுவன் ஒரு தனிக் குழந்தையின் நேரடிப் பதிவு அல்லன். உணவு மறுப்புக்காக ஆலோசனை தேடும் குடும்பங்களில் திரும்பத் திரும்பக் காணப்படும் கூறுகளை ஒருங்கே சேர்த்து, பெற்றோரும் பராமரிப்பாளர்களும் படித்துப் பயன்படுத்துவதற்காக அமைக்கப்பட்ட மாதிரி நிகழ்வு இது. காய்கறியை எப்படி உண்ண வைப்பது என்ற கேள்வியோடு வரும் பெற்றோருக்குக் காய்கறியைப் பற்றியே விடை சொல்லத் தொடங்குவது வழக்கமாக இருக்கிறது. இந்நிகழ்விலோ காய்கறி ஏறத்தாழக் கடைசியாகத்தான் கவனத்துக்கு வந்தது. அந்த வரிசை ஏன் தேவைப்பட்டது என்பதையே இக்கட்டுரை விளக்க முற்படுகிறது.

முறையீடும் பின்னணியும்

சிறுவனுக்கு வயது 2 ஆண்டு 4 மாதம். வீட்டின் முதல் குழந்தை. தாயும் தந்தையும் வேலைக்குச் செல்வதால் காலை முதல் மாலை வரை பாட்டியின் பராமரிப்பில் இருக்கிறான். "நாள் முழுக்க ஒன்றுமே சாப்பிடுவதில்லை" என்பது தாயின் முறையீடு. ஒன்றரை வயதை எட்டும் வரை கொடுத்ததை ஓரளவு உண்டுவந்தவன், அதன் பிறகு ஒவ்வொன்றாக ஒதுக்கத் தொடங்கி, இப்போது பால், வாழைப்பழம், வெள்ளை ரொட்டி, வெறும் சோறு, தயிர், வறுத்த உருளைக்கிழங்கு, நூடுல்ஸ், இனிப்பு பிஸ்கட், ஆப்பிள் சாறு ஆகிய ஒன்பதில் வந்து நிற்கிறான். பச்சை நிறத்தில் எது தெரிந்தாலும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறான். மசித்த பருப்பை வாயில் வைத்தால் கன்னத்தில் அதக்கி வைத்திருந்து, சற்று நேரம் கழித்துத் துப்பிவிடுகிறான்.

பிறப்பு இயல்பானது, பிறப்பு எடை 3 கிலோ. முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் குடித்தான். பிறகு கூழ் கொடுத்தார்கள். எட்டாம் மாதத்தில் கட்டியான உணவு ஒன்றைக் கொடுத்தபோது அவன் ஓங்கரித்ததைக் கண்டு அஞ்சிய குடும்பத்தார், 14 மாதம் வரை எல்லாவற்றையும் மிக்சியில் அரைத்தே ஊட்டியிருக்கிறார்கள். கட்டியான உணவுக்குப் பழகும் குழந்தை ஓங்கரிப்பது மூச்சுக்குழாயைக் காக்கும் அனிச்சைச் செயல். அப்போது குழந்தை இருமும், முகம் சிவக்கும், சத்தம் வரும். உண்மையில் மூச்சு அடைபடும் குழந்தைக்குப் பெரும்பாலும் சத்தமே எழாது. இந்த வேறுபாட்டை யாரும் விளக்காததால் அரைத்த உணவிலேயே மாதங்கள் கழிந்திருக்கின்றன. பிரிட்டனில் குழந்தைகளைப் பிறப்பிலிருந்து தொடர்ந்து கவனித்துவரும் பெரிய ஆய்வொன்றின் தரவுகளை வைத்து 2009இல் வெளியான கட்டுரை, ஒன்பது மாதத்துக்குப் பிறகே கட்டியுள்ள உணவுக்கு மாறிய குழந்தைகள் ஏழு வயதிலும் குறைந்த வகைக் காய்கறி, பழங்களையே உண்டதாகவும் அவர்களிடம் உணவுச் சிக்கல்கள் அதிகம் இருந்ததாகவும் காட்டியது.

உணவு வேளை நடக்கும் விதத்தைத் தனியாகக் கேட்டறிய வேண்டியிருந்தது. சிறுவன் மேசையிலோ தரையிலோ அமர்ந்து உண்பதில்லை. கைபேசியில் கார்ட்டூன் ஓடிக்கொண்டிருக்க, அவன் வாய் தானாகத் திறக்கும் நொடியில் கரண்டி உள்ளே போகும். சலிப்பு வந்து அவன் எழுந்து ஓடினால் பாட்டி கிண்ணத்தோடு பின்னால் நடப்பார். ஒரு வேளை உணவு ஒரு மணி நேரத்தையும் தாண்டும். இரண்டு வாய் காய்கறிக்கு ஒரு பிஸ்கட் என்ற பேரமும், அது பலிக்காதபோது தந்தையின் அதட்டலும் உண்டு. அத்தனைக்கும் பிறகு கிண்ணத்தில் பாதி மிஞ்சினால், வயிறு காயக் கூடாதே என்ற கவலையில் ஒரு புட்டி பால் கொடுக்கப்படும்.

பேச்சுவாக்கில் தாய் சொன்ன செய்தியொன்று மதிப்பீட்டுக்கு மிகவும் உதவியது. உறவினர் வீட்டில் ஒரு நாள் தங்கியபோது, தன்னைவிடச் சற்று மூத்த குழந்தை பட்டாணியை ஒவ்வொன்றாக எடுத்துத் தின்பதைப் பார்த்து, சிறுவனும் அதே தட்டிலிருந்து எடுத்துத் தின்றிருக்கிறான். அன்று அவனை யாரும் கவனிக்கவில்லை. பால்புட்டியும் கையில் இல்லை.

மூன்று நாள் குறிப்பேடு

"ஒன்றுமே சாப்பிடுவதில்லை" என்ற கூற்றை அப்படியே ஏற்பதும் தவறு, மறுப்பதும் தவறு. அளந்து பார்ப்பதே முறை. வேலை நாள் இரண்டு, விடுமுறை நாள் ஒன்று என மூன்று நாட்களுக்குச் சிறுவனின் வாய்க்குள் போனது அனைத்தையும், தண்ணீர் உட்பட, நேரத்தோடு எழுதிவருமாறு குடும்பத்தாரிடம் கேட்டுக்கொள்ளப்பட்டது. எழுதும் பொறுப்பு பாட்டியிடம் ஒப்படைக்கப்பட்டது, ஏனெனில் பகலில் நடப்பது அவருக்குத்தான் தெரியும்.

குறிப்பேட்டின்படி ஒரு நாளைக்குச் சராசரியாக 900 மில்லி லிட்டர் பசும்பால் உள்ளே போகிறது: எழுந்தவுடன் ஒரு புட்டி, மதியத் தூக்கத்துக்கு முன் ஒன்று, இரவு படுக்கையில் ஒன்று, உணவு மிஞ்சும் வேளைகளில் அவ்வப்போது கொஞ்சம். இவற்றோடு 200 மில்லி லிட்டர் ஆப்பிள் சாறும், நாள் முழுவதும் பரவலாக ஐந்து பிஸ்கட்டும் சேர்கின்றன. முழுக்கொழுப்புள்ள பாலில் 100 மில்லி லிட்டருக்குச் சுமார் 63 கலோரி என்று கொண்டால் பாலிலிருந்து மட்டும் ஏறத்தாழ 570 கலோரி கிடைக்கிறது. பழச்சாற்றிலிருந்து 90, பிஸ்கட்டிலிருந்து 120 என்று கூட்டினால் 780ஐ எட்டுகிறது. இவ்வளவு எடையுள்ள குழந்தைக்கு ஒரு நாளைக்குத் தேவைப்படுவது ஏறத்தாழ 950 முதல் 1,000 கலோரிதான். ஆக, தட்டில் எதுவும் வைக்கப்படுவதற்கு முன்பே அன்றையத் தேவையில் முக்கால் பங்குக்கு மேல் நிறைந்துவிடுகிறது. மீதமுள்ள ஏறத்தாழ இருநூறு கலோரியைச் சோறும் உருளைக்கிழங்கும் வாழைப்பழமும் நிரப்பிவிடுகின்றன. காய்கறிக்கு அவன் வயிற்றில் இடமே ஒதுக்கப்படவில்லை.

இந்தக் கணக்கைக் காகிதத்தில் போட்டுக் காட்டியபோது குடும்பத்தாருக்கு ஏற்பட்ட நிம்மதியையும் பதிவு செய்ய வேண்டும். பட்டினி கிடக்கிறான் என்ற அச்சமே கிண்ணத்தோடு துரத்தவும், பேரம் பேசவும், மிஞ்சும்போதெல்லாம் பால் கொடுக்கவும் அவர்களைத் தூண்டிக்கொண்டிருந்தது. அவன் போதுமான ஆற்றலைப் பெறுகிறான், தவறான இடத்திலிருந்து பெறுகிறான் என்பது தெரிந்த பிறகுதான் அடுத்த படிகளைப் பற்றிப் பேச முடிந்தது.

பரிசோதனை

எடை 11.9 கிலோ; உயரம் 89 சென்டிமீட்டர். உலக சுகாதார நிறுவனத்தின் வளர்ச்சி வரைபடத்தில் இரண்டு அளவுகளும் நடுக்கோட்டுக்குச் சற்றே கீழே அமைந்தன. முந்தைய தடுப்பூசி அட்டையிலிருந்த எடைகளையும் குறித்துப் பார்த்தபோது, முதல் பிறந்த நாளிலிருந்தே அதே பாதையில்தான் வளர்ந்துவருகிறான் என்பது தெரிந்தது. முதல் ஆண்டில் பிறப்பு எடையைப் போல மூன்று மடங்காக வளரும் குழந்தை, இரண்டாம் ஆண்டில் இரண்டு முதல் இரண்டரை கிலோ மட்டுமே கூடுகிறது. அதன் பின் ஆண்டுக்குச் சுமார் இரண்டு கிலோ. வளர்ச்சி வேகம் குறையும்போது பசியும் குறைவது இயற்கை. அந்தக் குறைவைத்தான் பல வீடுகளில் நோயாக எண்ணிவிடுகிறார்கள்.

முகம் வெளிறியிருந்தது. மேல் முன்பற்களின் விளிம்பில் சொத்தையின் தொடக்கம் தெரிந்தது. படுக்கையில் புட்டிப்பால் குடிக்கும் குழந்தைகளிடம் முதலில் பாதிக்கப்படும் இடம் அதுவே. வயிற்றைத் தொட்டுப் பார்த்தபோது இடது பக்கத்தில் கெட்டியான மலம் தட்டுப்பட்டது. மூன்று நான்கு நாட்களுக்கு ஒருமுறை முக்கி அழுதபடிதான் மலம் கழிக்கிறான் என்பதைக் கேட்ட பிறகே குடும்பத்தார் சொன்னார்கள். பேச்சு, விளையாட்டு, கண்ணைப் பார்த்துப் பழகுதல் ஆகியவை வயதுக்கு ஏற்றபடி இருந்தன. ரொட்டி, வாழைப்பழம், நூடுல்ஸ் எனப் பல பதங்களிலுள்ள உணவுகளை மென்று விழுங்குவதில் சிரமம் இல்லை.

இரத்தத்தில் ஹீமோகுளோபின் டெசிலிட்டருக்கு 10.2 கிராம், இந்த வயதில் 11க்குக் கீழே போனால் இரத்தசோகை. இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் லிட்டருக்கு 7 மைக்ரோகிராம். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைக்கு 12க்குக் குறைந்தால் சேமிப்பு தீர்ந்துவிட்டது என்று பொருள்.

மதிப்பீடு

ஒன்று மற்றொன்றை வளர்க்கும் மூன்று சிக்கல்கள் இங்கே சேர்ந்திருந்தன. பசும்பாலில் லிட்டருக்கு அரை மில்லிகிராம் அளவே இரும்பு இருக்கிறது. இந்த வயதுக் குழந்தைக்கு நாளொன்றுக்குத் தேவையாகப் பரிந்துரைக்கப்படுவதோ 7 மில்லிகிராம். பால் வயிற்றை நிரப்பி மற்ற உணவுகளை வெளியே நிறுத்துவதோடு, அதிலுள்ள சுண்ணாம்புச்சத்து கிடைக்கும் கொஞ்ச இரும்பையும் உட்கிரகிக்கவிடாமல் தடுக்கிறது. இரும்பு குறைந்த குழந்தைக்குப் பசி மந்தமாகிறது, எரிச்சல் கூடுகிறது. எனவே திட உணவை இன்னும் மறுத்துப் பாலையே கேட்கிறது. பால் மிகுந்து நார்ச்சத்து குறையும்போது மலம் இறுகுகிறது. குடல் நிரம்பிய குழந்தைக்கு உண்ணும் ஆசை எழுவதில்லை. இந்த உடல் சார்ந்த சுழலுக்கு மேல், உணவு வேளை என்றாலே போராட்டம் என்ற பழக்கமும் படிந்திருந்தது.

இவை அனைத்துக்கும் அடியில், இந்த வயதுக்கே உரிய புது உணவு அச்சம் இருந்தது. இது பெரும்பாலும் ஒன்றரை முதல் இரண்டு வயதுக்குள் தலைதூக்கி, ஆறு வயது வரை வலுவாக இருந்து, பிறகு தணிகிறது. குழந்தை தானே நடந்து, கண்ணில் பட்டதை எடுத்து வாயில் வைக்கத் தொடங்கும் அதே காலத்தில், பழக்கமில்லாததையும் கசப்பானதையும் மறுக்கும் இயல்பும் தோன்றுவது நஞ்சிலிருந்து அதைக் காத்திருக்கக்கூடும் என்பது பரவலாக ஏற்கப்பட்ட விளக்கம். இரட்டைப் பிள்ளைகளை ஒப்பிட்ட ஆய்வுகள் இதில் மரபுக்கூறின் பங்கு பெரிது என்று காட்டியுள்ளன. வளர்ப்பு சரியில்லை என்று தாயைக் குறை சொல்லும் உறவினர்களுக்கு இந்தச் செய்தியைக் கட்டாயம் சொல்ல வேண்டும்.

தலையீடு

முதல் படி பாலைக் குறைப்பது. ஒரே நாளில் நிறுத்துவதற்குப் பதிலாக, இரண்டு வாரத்தில் நாளொன்றுக்கு 400 முதல் 500 மில்லி லிட்டருக்குள் கொண்டுவருவது என்றும், அதையும் புட்டியில் அன்றிக் கோப்பையில், உணவுக்கு முன்னால் அன்றிப் பின்னால் கொடுப்பது என்றும் முடிவாயிற்று. இரவுப் புட்டியில் சில நாட்களுக்கு ஒருமுறை 30 மில்லி லிட்டராகக் குறைத்துவந்து, பல் துலக்கிய பிறகு தண்ணீர் மட்டும் என்ற நிலையை எட்டத் திட்டமிடப்பட்டது. பழச்சாறு முழுவதும் நிறுத்தப்பட்டது. ஒன்று முதல் மூன்று வயதுக்குள் நாளொன்றுக்குச் சுமார் 120 மில்லி லிட்டருக்கு மேல் பழச்சாறு வேண்டாம் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 2017இல் அறிவுறுத்தியது; முழுப் பழம் கிடைக்கும் வீட்டில் அந்த 120 மில்லி லிட்டருக்கும் தேவை இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

அதோடு இரும்புச்சத்துச் சொட்டு மருந்து, கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 3 மில்லிகிராம் தனிம இரும்பு (மருந்திலுள்ள நிகர இரும்பு) என்ற அளவில், பாலிலிருந்து விலக்கி, அவன் ஆரஞ்சை ஏற்கத் தொடங்கிய பிறகு அதன் சுளையோடு, ஒரே வேளையாகக் கொடுக்கப்பட்டது. வைட்டமின் சி இரும்பை உட்கிரகிக்க உதவும். மலம் கறுப்பாகப் போவது இயல்பு என்பதும், மருந்துப் புட்டியைக் குழந்தையின் கைக்கு எட்டாமல் பூட்டி வைக்க வேண்டும் என்பதும் முன்கூட்டியே சொல்லப்பட்டன. இரும்பு மருந்தை அளவுக்கு மீறிக் குடிப்பது சிறு குழந்தையின் உயிருக்கே ஆபத்தானது. மலச்சிக்கலுக்குத் தனியாக மருந்து தரப்பட்டது. பசி தூண்டும் டானிக் எழுதித் தரும்படி தந்தை கேட்டார், அது மறுக்கப்பட்டது. அப்பெயரில் தரப்படும் மருந்துகள் சிலவற்றிலுள்ள சைப்ரோஹெப்டடின் உறக்கத்தைத் தரும் ஒவ்வாமை மருந்தாகும். வயிறு நிறையப் பால் குடிக்கும் குழந்தைக்கு அதைத் தருவதில் எந்தப் பொருத்தமும் இல்லை.

இரண்டாம் படி நேரம். மூன்று வேளை உணவும் இரண்டு சிற்றுண்டியும், ஒவ்வொன்றுக்கும் இடையே இரண்டரை முதல் மூன்று மணி நேர இடைவெளி. இடையில் தண்ணீரைத் தவிர வேறெதுவும் இல்லை. வேளைக்கு 20 முதல் 30 நிமிடம்; அதற்குள் உண்டது போதும், உண்ணாவிட்டாலும் தட்டை எடுத்துவிட வேண்டும், முகம் சுளிக்காமல். கால்கள் தொங்காமல் ஊன்றியிருக்கும்படி நாற்காலிக்குக் கீழே ஒரு பலகை வைக்கப்பட்டது. கைபேசி வேறு அறைக்குப் போயிற்று. திரையைப் பார்த்தபடி விழுங்கும் குழந்தை உணவின் சுவையையோ மணத்தையோ, வயிறு நிறைவதையோ கவனிப்பதில்லை. உணவு உள்ளே போனாலும் எந்த உணவோடும் அதற்குப் பழக்கம் ஏற்படுவதில்லை.

மூன்றாம் படி பெரியவர்களின் பேச்சு. என்ன உணவு, எப்போது, எங்கே என்பதைப் பெரியவர்கள் முடிவு செய்வார்கள். உண்பதா வேண்டாமா, எவ்வளவு என்பதைக் குழந்தை முடிவு செய்யும். இந்தப் பொறுப்புப் பகிர்வை 1980களில் வகுத்தவர் அமெரிக்க உணவியலாளரும் குடும்ப ஆலோசகருமான எலின் சாட்டர். கேட்பதற்கு எளிதாக இருக்கும் இந்த விதி, நடைமுறையில் மிகக் கடினமானது. "இன்னும் ஒரே ஒரு வாய்", "பாட்டிக்காக ஒன்று", "சாப்பிட்டால்தான் விளையாட்டு" ஆகிய மூன்றையும் வீட்டில் தடை செய்ய வேண்டியிருந்தது. பாட்டி நேராகவே கேட்டார்: "பசியோடு பிள்ளையைப் படுக்க வைக்கச் சொல்கிறீர்களா?" நியாயமான கேள்வி. எந்த வேளையிலும் தட்டில் அவன் ஏற்கும் உணவு ஒன்றாவது இருக்கும், அதிலிருந்து அவன் விரும்பிய அளவு உண்ணலாம், இரண்டு வாரத்தில் எடை பார்க்கப்படும், இருபதில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தால் திட்டம் மாற்றப்படும் என்று உறுதி தந்த பிறகே அவர் உடன்பட்டார். பகலில் ஊட்டுபவர் அவர். அவரை வெளியே உட்காரவைத்துவிட்டுப் பெற்றோரிடம் மட்டும் பேசியிருந்தால் இத்திட்டம் முதல் நாள் மதியத்தைக்கூடத் தாண்டியிருக்காது.

புது உணவு நான்காம் படியாக, மூன்றாவது வாரத்தில்தான் தொடங்கியது. தட்டில் பழகிய உணவு இரண்டு, புதியது ஒன்று. புதியதன் அளவு, ஒவ்வொரு வயதுக்கும் ஒரு மேசைக்கரண்டி என்ற பொதுக் கணக்கைவிடவும் குறைவாக, ஒரு தேக்கரண்டி. தொடுவது, முகர்வது, நக்குவது, கடித்துத் துப்புவது யாவும் அனுமதிக்கப்பட்டன. துப்புவதற்கென்று ஒரு சிறு கிண்ணமும் வைக்கப்பட்டது. எப்போது வேண்டுமானாலும் வெளியே எடுத்துவிடலாம் என்று தெரிந்த குழந்தைதான் துணிந்து வாயில் வைக்கும். வேகவைத்த கேரட் விரலால் நசுக்கினால் நசுங்கும் பதத்தில் நீளவாக்கில் நறுக்கித் தரப்பட்டது. திராட்சையை நீளவாக்கில் நான்காகப் பிளக்கவும், முழுப் பருப்புக் கொட்டைகளையும் பச்சைக் கேரட் துண்டுகளையும் தவிர்க்கவும் சொல்லப்பட்டது. குடும்பத்தில் ஒருவராவது உடன் அமர்ந்து அதே உணவை உண்ண வேண்டும் என்பதும் விதி. பெரியவர் வெறுமனே அருகில் இருப்பதையோ வேறொன்றை உண்பதையோவிட, தான் தட்டில் காண்பதையே அவர் உண்ணும்போதுதான் குழந்தைகள் புது உணவை அதிகம் ஏற்கின்றனர் என்பது 2005இல் வெளியான சோதனையொன்றில் தெளிவாயிற்று.

நடந்தது என்ன

முதல் பத்து நாட்கள் மோசமாகவே இருந்தன. புட்டியைக் கேட்டு அழுதான், தட்டைத் தள்ளினான், இரண்டு இரவுகள் வீடே தூங்கவில்லை. எடை 200 கிராம் குறைந்தது. நீரும் மலமும் தரும் அன்றாட ஏற்ற இறக்கத்துக்குள் அடங்கும் அளவுதான் அது. பெரும்பாலான குடும்பங்கள் திட்டத்தைக் கைவிடுவது இந்த இடத்தில்தான். பழைய பழக்கம் பலிக்காதபோது குழந்தை முதலில் அதையே இன்னும் உரக்கச் செய்து பார்க்கும் என்பது முன்னதாகவே சொல்லப்பட்டிருந்ததால், இவர்கள் தாக்குப்பிடித்தார்கள்.

இரண்டாம் வார இறுதியில் மலச்சிக்கல் தணிந்தது. மூன்றாம் வாரத்தில் ஒரு காலையில், பால் கொடுப்பதற்கு முன்பே பசிக்கிறது என்று சொல்லி நாற்காலியில் ஏறி அமர்ந்தான். பட்டாணி எதிர்பார்த்தபடியே முதலில் திரும்பி வந்தது. வேகவைத்த முட்டையின் மஞ்சள் கரு, ஆரஞ்சு, மசித்த பருப்பு, பொடியாகப் பிய்த்த கோழி இறைச்சி என ஒவ்வொன்றாகச் சேர்ந்தன. வறுத்த உருளைக்கிழங்கிலிருந்து சுட்ட சர்க்கரைவள்ளிக்கும், அதிலிருந்து அதே வடிவில் நறுக்கிச் சுட்ட கேரட்டுக்கும் போனது நல்ல பாதையாக அமைந்தது. ஏற்கெனவே விரும்பும் உணவின் வடிவத்தையும் மொறுமொறுப்பையும் வைத்துக்கொண்டு ஒரு நேரத்தில் ஒரு கூறை மட்டும் மாற்றும் உத்தி இது. கேரட்டை வாயில் வைப்பதற்கு முன் பல வேளைகள் அவன் அதைத் தட்டின் ஒரு மூலைக்கு நகர்த்திவைப்பதோடு நிறுத்திக்கொண்டான். அந்த நாட்களில் யாரும் எதுவும் பேசாமல் இருந்தது, என் பார்வையில், இந்நிகழ்வின் மிகக் கடினமான பகுதி.

இரண்டாம் மாதத்தில் காய்ச்சல் வந்தது. நான்கு நாட்கள் பாலும் தயிரும் மட்டும், புட்டியும் திரும்பியது. குணமானதும் அட்டவணைக்குத் திரும்ப ஒரு வாரத்துக்கு மேல் பிடித்தது. இத்தகைய பின்னடைவு எல்லாக் குழந்தைகளிடமும் வரும். நோயுற்ற நாட்களில் திட்டத்தைப் பிடிவாதமாகப் பின்பற்றத் தேவையில்லை.

மருந்து தொடங்கி ஒரு மாதத்தில் ஹீமோகுளோபின் 11.3ஐ எட்டியது. நான்கு வாரத்தில் ஒரு கிராம் உயர்ந்தாலே குறைபாடு இரும்பினுடையதுதான் என்பது உறுதியாகும். சேமிப்பு நிரம்புவதற்காக மேலும் இரண்டு மாதம் மருந்து தொடர்ந்தது. ஆறு மாத முடிவில் எடை 12.9 கிலோ, அதே பாதையில். ஏற்கும் உணவுகள் இருபதைத் தாண்டின. கீரையும் தக்காளியும் இன்னும் மறுப்புப் பட்டியலில்தான் இருக்கின்றன. அதைக் குறைபாடாகக் கருதவில்லை. பல் மருத்துவரிடம் அனுப்பப்பட்டு முன்பற்களுக்குச் சிகிச்சை நடக்கிறது.

ஆய்வுரை

கட்டாயப்படுத்துவது பலன் தராது என்பதற்கு வலுவான சான்றுகள் உள்ளன. குழந்தைகளின் உணவுப் பழக்கம் குறித்த ஆய்வில் பெரும்பங்கு ஆற்றிய லீன் பர்ச்சும் உடன் பணியாற்றியவர்களும் 2006இல் வெளியிட்ட ஆய்வில், சூப்பைக் குடித்து முடிக்குமாறு வற்புறுத்தப்பட்ட நாட்களைவிட வற்புறுத்தப்படாத நாட்களில் பாலர் பள்ளிக் குழந்தைகள் அதிகம் குடித்தனர். சூப்பைக் குறைகூறியதும் குறைந்தது. 1984இல் வெளியான அவருடைய மற்றோர் ஆய்வு, ஒரு பானத்தைக் குடித்தால் பரிசு என்று சொன்னபோது அப்பானத்தின் மேலிருந்த விருப்பமே குறைந்ததைக் காட்டியது. பரிசுக்காகச் செய்ய வேண்டியது என்றால் அது விரும்பத்தகாததுதான் என்று குழந்தை முடிவு செய்துவிடுகிறது. இங்கே ஒரு நுணுக்கத்தையும் சொல்லியாக வேண்டும்: மிகச் சிறு அளவைச் சுவைத்துப் பார்த்ததற்கு ஒட்டுப்படம் போன்ற உணவல்லாத பரிசு தருவது பலன் தந்ததாகப் பின்னாளைய ஆய்வுகள் சில கூறுகின்றன. காய்கறிக்குப் பிஸ்கட்டைப் பரிசாக்குவது அந்த வகையில் சேராது. பிஸ்கட்டின் மதிப்பை அது உயர்த்துகிறது, காய்கறியின் மதிப்பைத் தாழ்த்துகிறது.

ஒரு வேளை உண்ணாததைக் கண்டு கலங்கத் தேவையில்லை என்பதற்கும் அளவீடு உண்டு. பர்ச் குழுவினர் 1991இல் வெளியிட்ட ஆய்வில், இரண்டு முதல் ஐந்து வயதுக் குழந்தைகள் ஒவ்வொரு வேளையும் உட்கொண்ட ஆற்றல் ஏறத்தாழ 34 விழுக்காடு ஏறி இறங்கியது; முழு நாளின் கணக்கிலோ அந்த ஏற்ற இறக்கம் ஏறத்தாழ 10 விழுக்காடுதான். காலையில் குறைத்ததை மாலையில் ஈடுசெய்கிறார்கள். இந்தத் தன்னொழுங்கை அதட்டல் மட்டும் கெடுப்பதில்லை. இடையிடையே கொடுக்கப்படும் பாலும் சாறும் அதைவிட அதிகமாகக் கெடுக்கின்றன.

குழந்தையிடமே விட்டுவிடலாம் என்போர் அடிக்கடி மேற்கோள் காட்டுவது, அமெரிக்க மருத்துவர் கிளாரா டேவிஸ் 1920களிலும் 30களிலும் நடத்திய ஆய்வை. தாய்ப்பால் மறந்த 15 குழந்தைகளுக்கு முன்னால் 34 வகை உணவுகளை வைத்து, செவிலியர் எதையும் சுட்டாமல், விரும்பியதை விரும்பிய அளவு உண்ணவிட்டார். ஒரு வேளையில் விசித்திரமான கலவைகளை உண்டபோதும் அனைவரும் நன்றாக வளர்ந்தனர். ஆனால் அந்த 34 வகைகளில் சர்க்கரை சேர்த்த பண்டமோ பதப்படுத்திய உணவோ இல்லை. இரகசியம் அந்தப் பட்டியலில்தான் இருக்கிறது என்று 1939இல் அவரே சொன்னார். குழந்தைக்குத் தரும் சுதந்திரம், எதைத் தேர்ந்தாலும் கேடில்லாத தட்டில்தான் பொருள்படும். பிஸ்கட் டப்பா கண்ணில் படும் வீட்டில் டேவிஸைத் துணைக்கு அழைக்க முடியாது.

காய்கறியை அரைத்து மாவிலோ குழம்பிலோ மறைப்பது பற்றித் தாய் கேட்டார். சத்து கிடைக்கும் என்ற வகையில் தவறில்லை. அதனால் காய்கறிக்குப் பழக்கம் ஏற்படும் என்று எதிர்பார்க்கக் கூடாது. பார்க்காத, பெயர் தெரியாத ஒன்றை யாரும் விரும்பக் கற்பதில்லை. ஒரு புதிய உணவை ஏற்க எட்டு முதல் பதினைந்து முறை சுவைக்க வேண்டியிருக்கலாம் என்பது பர்ச் ஆய்வுகளிலிருந்து பரவிய கணக்கு; பெற்றோரில் பலர் மூன்று நான்கு முறைக்குள் அந்த உணவை வாங்குவதையே நிறுத்திவிடுகிறார்கள்.

எந்தக் குழந்தைக்கு இது பொருந்தாது

இந்தச் சிறுவன் ஏற்ற உணவுகள் ஒன்பதுதான் என்பதால், உணவைத் தவிர்க்கும் கோளாறு குறித்தும் எண்ணிப் பார்க்கப்பட்டது. 2013இல் அமெரிக்க உளநல மருத்துவக் கழகத்தின் கையேட்டில் தனியாக வரையறுக்கப்பட்ட நிலை அது. பல பதங்களிலுள்ள உணவுகளை அவன் ஏற்றதும், வளர்ச்சிப் பாதை விலகாததும், உறவினர் வீட்டில் இயல்பாக உண்டதும் அதை விலக்கப் போதுமானவையாக இருந்தன. எடை வரைபடத்தில் கோடுகளைக் கடந்து கீழிறங்கும் குழந்தை, விழுங்கும்போது புரையேறி இருமும் குழந்தை, அடிக்கடி வாந்தி எடுக்கும் குழந்தை, ஒரே பதத்தை அல்லது ஒரே நிறத்தை மட்டும் ஏற்று மற்றதைக் கண்டாலே பதறும் குழந்தை, முன்பு உண்டவற்றையும் ஒவ்வொன்றாக நிரந்தரமாகக் கைவிட்டு வேறெதையும் சேர்க்காத குழந்தை, பேச்சிலோ பழகுவதிலோ பின்தங்கிய குழந்தை ஆகியோருக்குக் குழந்தை மருத்துவரும் விழுங்குதல் பயிற்சியாளரும் உணவியலாளரும் சேர்ந்த மதிப்பீடு தேவை. உண்ணும் அளவைக் குழந்தையிடம் விட்டுவிடும் மேற்கண்ட நடைமுறையை அவர்களிடம் மருத்துவ மேற்பார்வையின்றித் தொடங்கக் கூடாது.